ரயிலுக்கு லேபிள் போட்ட வருஷம்

விருதுநகர் ஜங்ஷனில் இப்போதெல்லாம் புதுப்புது நிறங்களில் ரயில் வந்து நிற்கிறது. ஒன்று வெள்ளை, ஒன்று ஆரஞ்சு, ஒன்று மூக்கு மட்டும் கறுப்பு. நான் வேலை பார்த்த சிவகாசி பிரஸ்ஸின் டிசைன் செக்‌ஷன் பையன்கள் அதையெல்லாம் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவன் நேரிலேயே கேட்டுவிட்டான். "அண்ணே, நீங்க ஒரு நாட்டு ரயிலுக்கே கலர் போட்டீகளாம்ல. நெசந்தானா, இல்ல ஜெயராணி அக்கா விடுற கதையா?"

ஜெயராணி கதை விடுகிறவள்தான். ஆனால் இது நடந்தது. பிரஸ்ஸின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி முதலாளியும் கேட்டிருந்தார். ஆகவே இதையே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பு ஏழாம் வகுப்பு. சாத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். வாத்தியார் அடித்ததால் ஓடினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அவர் அடிக்கவில்லை. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். மதுரையில் சினிமா பேனருக்குக் கட்டம் போட்டேன். நாமக்கல்லில் லாரிக்குப் பின்னால் கழுகு வரைந்தேன். தூத்துக்குடியில் படகுகளுக்குப் பெயர் எழுதினேன். ஒரு காண்டிராக்டரோடு சேர்ந்து சரக்கு ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதிக்கொண்டே பம்பாய் வரை போய், அங்கே அவர் எங்களை விட்டுவிட்டு ஓடிவிட, டிக்கெட் இல்லாமல் திரும்பி வந்தேன். வழியில் நாலைந்து இடங்களில் இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்ட இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு சுவர் எழுத்தில்லாமல் இருந்தது. அதனால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சில நாள் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்குத் திரும்பி ஒரு பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றினேன். பக்கத்து ஷெட் வெடித்ததில் இடது காது போனது. மனிதர்கள் போன விபத்து அது. ஒரு காதோடு தப்பியவன் அதைப்பற்றிப் பேசுவது மரியாதையில்லை. அதற்குப் பிறகுதான் பிரஸ்ஸுக்கு வந்தேன், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைய.

பிரஸ்ஸில் எனக்கு மேலே இருந்தவர் தனுஷ்கோடி அண்ணாச்சி. பிராசஸ் செக்‌ஷனுக்குத் தலைமை. உள்ளே வருகிற படம் எதுவும் அவர் கண்ணில் படாமல் மெஷினுக்குப் போகாது. வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை. அவர் வாழ்நாள் முழுவதும் மையோடு வேலை பார்த்தார், அந்தச் சட்டையில் ஒரு சொட்டு மை பட்டு நான் பார்த்ததில்லை. நாங்களெல்லாம் ஹோலி கொண்டாடிவிட்டு வந்தவர்கள்போல் இருப்போம்.

அவர் லேபிளைப் பார்க்கிற முறை தனி. மேஜையில் வைத்துப் பார்க்க மாட்டார். என்னை வாசலில் நிற்க வைத்து, லேபிளை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர் டீக்கடைக்குப் போவார். டீ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். கடையின் மேல் தட்டில் இருக்கிற பெட்டி, ரோட்டில் போகிறவனைக் கூப்பிட வேண்டும், அதுதான் கணக்கு. லாரி குறுக்கே போனால் நான் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பேன். பிடித்திருந்தால் டீயை முழுதும் குடித்துவிட்டு வருவார். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வந்து, லேபிளை வாங்கிக் கவிழ்த்து வைத்து, மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். "இந்த வருசமும் மொளகா வத்தலுக்கு மழை பத்தாது போல" என்று அவர் சொன்னால், இன்னொன்று வரைய வேண்டும் என்று அர்த்தம். எங்கள் செக்‌ஷனில் மழை பெய்யாத நாளே கிடையாது.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. அச்சுத் தொழில் தெரியாதவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். ஒரு படத்தை அச்சடிக்கும்போது, படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஓரத்தில் சில குறிகள் போடுவோம். நாலு மூலையிலும் சின்னக் கோடுகள். கட்டிங் மெஷின்காரர் அந்தக் கோட்டில் வெட்டுவார். பக்கத்துக்கு ஒன்றாக, வட்டத்துக்குள் கூட்டல் குறி. ஒவ்வொரு மையும் தனித்தனியாகத்தான் தாளில் விழும். எல்லா மையின் கூட்டல் குறியும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் படம் சரியாக விழுந்திருக்கிறது என்று தெரியும். அப்புறம் கீழே வரிசையாகச் சின்னக் கலர் கட்டங்கள். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை. அதையடுத்து அந்த மைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் வருகிற சிவப்பு, பச்சை, ஊதா. மை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மெஷின்காரர் அதைப் பார்த்துச் சரி செய்வார். வேலை முடிந்ததும் இந்த ஓரம் முழுதும் வெட்டப்பட்டுக் குப்பைக்குப் போகும்.

வெட்டி எறியப்போகிற அந்த ஓரத்தைத்தான் அண்ணாச்சி முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். குறி இல்லாத தாள் எங்கள் வாசலைத் தாண்டாது. முதலாளி மகள் கல்யாணப் பத்திரிகை மாதிரித் தாளே குறி இல்லாமல் வந்ததென்று திரும்பிப் போயிருக்கிறது.

ஜெயராணி கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். பி.ஏ. படித்தவள், இங்கிலீஷ் பேசுவாள், வாய் நீளம். நான் கையால் வரைந்ததை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரி பண்ணுவாள். "அண்ணே, இந்தப் பொண்ணுக்கு ஒரு கையில ஆறு விரல் இருக்கு. மத்தாப்பு பிடிக்கவா, விரல் விட்டு எண்ணவா?" என்பாள். நான் ஐந்தாக்கித் தருவேன்.

தென்காசிப் பாதை அகலப்பாதையாகி, சிவகாசிக்குப் பெரிய ரயில் வர ஆரம்பித்த புதிது. அப்போதுதான் ஜோசப் சார் வந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. பெயர் வேண்டாம், அவருக்கு அங்கே இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது. அந்த நாட்டு ரயில்வேயில் கொள்முதல் அதிகாரி. டிக்கெட்டும் கால அட்டவணையும் அச்சடிக்க எங்கள் முதலாளியிடம் வந்திருந்தார். நல்ல உயரம். எங்கள் வாசல் நிலையில் தினமும் இடித்துக்கொண்டு, தினமும் நிலையிடம் மன்னிப்புக் கேட்பார்.

எங்கள் செக்‌ஷன் சுவரில் நாங்கள் போட்ட லேபிள்களை ஒட்டி வைத்திருப்போம். ஜோசப் அதன் முன்னால் நின்று சிரித்தார். ராக்கெட்டில் உட்கார்ந்து போகிற குழந்தை, தாமரைக்குள் சிங்கம், கண்ணாடி போட்ட கிளி. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொன்னார். ஜெயராணிதான் தமிழில் சொன்னாள்.

அவர் நாட்டில் மூன்று ரயில் கம்பெனிகள் தனித்தனியாக இருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு ரயில், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு மஞ்சள். அரசாங்கம் மூன்றையும் ஒன்றாக்கி ஒரே தேசிய ரயில்வே ஆக்கிவிட்டது. ஒரே ரயில்வே என்றால் ஒரே நிறம் வேண்டும். அந்த நிறத்தைத் தேடுகிற வேலையும் ஜோசப் தலையில் விழுந்தது. பெரிய நகரத்து டிசைன் கம்பெனி ஒன்று சிவப்பும் பச்சையுமாகப் போட்டுக் கொடுத்தது. மஞ்சள் லைன்காரர்கள் அன்றைக்கே வேலையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மஞ்சளைச் சேர்த்தார்கள். பட்டை சிறிதாக இருக்கிறதென்று பச்சைக்காரர்கள் பணிமனைக் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

"மூணாவது தடவையும் சண்டை வந்தா இவரு வேலை போயிருமாம்" என்றாள் ஜெயராணி. "ஒரேயடியாப் போகாதாம். ஒரு ஸ்டேசனுக்கு மாத்திருவாகளாம். அங்கன ரயில் நிக்காதாம்."

"ரயில் நிக்காத ஊர்ல ஸ்டேசன் எதுக்கு?" என்றேன்.

ஜெயராணி அவரிடம் கேட்டுச் சொன்னாள். "இவரை மாதிரி ஆளுகளை மாத்துறதுக்குத்தானாம்."

ஜோசப் இதைச் சொல்லும்போதும் சிரித்தார். ஆனால் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நாலு குழந்தைகள் என்றும், எல்லோரும் பள்ளிக்கூடம் போவது தலைநகரத்தில் என்றும் பிறகு சொன்னார். அந்தப் பட்டாசு லேபிள்களைக் காட்டி, "நூறு பெட்டிக்கு நடுவில் ஒரு பெட்டியைப் பார்க்க வைக்கிறீர்கள். எனக்கு ஒரு ரயிலை யாரும் அடித்துக்கொள்ளாமல் பார்க்க வையுங்கள்" என்றார்.

முதலாளி டிக்கெட் ஆர்டர் கையை விட்டுப் போகக் கூடாதென்று உடனே ஒத்துக்கொண்டார். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "ரயில்னா நீளம் எம்புட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து வந்த நாள்களைப் போல நான் எந்த வேலையிலும் சிரித்ததில்லை. முதலில் மூன்று நிறத்தையும் சமமாகப் போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு நாட்டுக் கொடி மாதிரி இருந்தது. இரண்டு நிறத்தைப் பெரிதாக்கி ஒன்றை மெலிதாக்கினேன். நம் ஊரில் எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் வைத்தாலும் அது ஒரு கட்சி. மெஷின்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன முத்தையா, மாநாட்டு ரயிலா?" என்று கேட்டுப் போனார்கள். கட்டம் கட்டமாகப் போட்டேன். கைலி ஆகிவிட்டது. கடைசியில் கடுப்பாகி மூன்று பெயிண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கினேன்.

ஜெயராணி எட்டிப் பார்த்தாள். "மூணு பேரையும் ராசியாக்கிட்டீக. ஆனா இது சாக்கடை."

எல்லாவற்றையும் அண்ணாச்சி டீக்கடையிலிருந்து பார்த்தார். மழை மழையாகக் கொட்டியது. ஒரு நாள் பாதி டீயோடு திரும்பி வந்தவர் மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. "கிளம்புங்க, விருதுநகருக்குப் போவோம்" என்றார்.

ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணாச்சி, நான், ஜெயராணி, ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு ஜோசப். மிளகாய் மூட்டை வாசத்தில் ஜோசப் தும்மிக்கொண்டே இருந்தார். அவர் தும்மும்போதெல்லாம் ஸ்டேஷன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நிற்காமல் போகிற ரயில் ஒன்று வந்தது. அண்ணாச்சி கழுத்தை அசைக்காமல் பார்த்தார். போய் முடிந்ததும் கேட்டார்.

"தாயி, அந்தப் பெட்டிகள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"தெரியலண்ணாச்சி. வேகமாப் போயிருச்சு."

"என்ன கலரு?"

"நீலம்."

"அம்புட்டுத்தான். லேபிள் நிக்கும். இது ஓடும். ஓடுறதுக்கு ஒரு கலர்தான் உண்டு, மிஞ்சினா ரெண்டு. முத்தையா, நீ ரயிலுக்கு வரையல. நிக்கிற பெட்டிக்கு வரைஞ்சுக்கிட்டு இருக்க."

திரும்பி வந்ததும் ஜெயராணி ஒரு காரியம் செய்தாள். அட்டையில் ஒரு பிளவு வெட்டி, அதற்குப் பின்னால் என் டிசைனை நீளத் துண்டாக இழுத்தாள். பிளவு வழியாகப் பார்த்தால் ரயில் ஓடுவது தெரிந்தது. நான் நுணுக்கி நுணுக்கிப் போட்ட பூவெல்லாம் கஞ்சி மாதிரி ஓடியது. செக்‌ஷனில் எல்லோரும் இழுத்து இழுத்து விளையாடினார்கள். முதலாளியும் இரண்டு தடவை இழுத்தார்.

நான் எடுக்க ஆரம்பித்தேன். பூ போனது, கட்டம் போனது, பட்டை போனது. பிறகு சிவப்பும் பச்சையும் மஞ்சளும் போயின. மூன்றில் எதைப் போட்டாலும் சண்டை என்றால், மூன்றையும் போடாமல் விடுவதுதான் வழி. மேலே பாலாடை நிறம், கீழே கெட்டி நீலம், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. அண்ணாச்சி டீயை முழுதும் குடித்தார். இன்னொரு டீயும் சொன்னார்.

ஜோசப் மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் இதில் தாங்கள் இல்லை என்பார்கள். மூன்று பேருக்கும் சமமான கோபம். சமமாக இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன்" என்றார். அவர் தைரியமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒரு முழுப் பெட்டியை அளவு மாறாமல் சுருக்கி வரைந்து பெரிய தாளில் அச்சடித்தோம். அண்ணாச்சி லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்த்தார். மூலைக் கோடு, கூட்டல் குறி, கலர் கட்டம் எல்லாம் உட்கார்ந்திருந்தன. சுருட்டி, குழாயில் போட்டு ஜோசப் ஊருக்குக் கொண்டுபோனார். போகும்போதும் நிலையில் இடித்துக்கொண்டார்.

அப்புறம் தீபாவளி சீசன் வந்துவிட்டது. சீசனில் சிவகாசியில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. லாரி லாரியாக லேபிள் போனது. என் மனைவி பட்டாசு கம்பெனியில் திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது பஸ் ஸ்டாப்பில்தான்.

அந்த நெருக்கடியில் ஒரு மத்தியானம், ஜோசப்பிடமிருந்து மெயில் வந்திருக்கிறது என்றாள் ஜெயராணி. ஒரு போட்டோ. அப்போதெல்லாம் டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட். படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கும். சேலை நெய்கிற மாதிரி. அது இறங்கி முடிப்பதற்குள் செக்‌ஷன் முழுதும் அவள் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டது.

முதலில் வானம் வந்தது. பிறகு பெட்டியின் கூரை. பிறகு எங்கள் பாலாடை நிறம். கைதட்டினோம். ஒரு ஏழாம் வகுப்புக்காரன் போட்ட நிறத்தில் ஒரு ரயில் நிற்கிறது, எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"இதென்னண்ணே, மூலையில கோடு?" என்றாள் ஜெயராணி.

படம் மேலும் இறங்கியது. பெட்டியின் நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, வட்டத்துக்குள் கூட்டல் குறி. அழகாக, கைநடுக்கமில்லாமல் வரைந்திருந்தார்கள். அண்ணாச்சி முன்னால் குனிந்தார். நீலம் வந்தது. நீலத்தின் அடியில், பெட்டியின் கீழ் ஓரத்தில், வரிசையாக ஏழு கட்டங்கள். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு, சிவப்பு, பச்சை, ஊதா.

வெட்டி எறிய வேண்டிய ஓரத்தையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். தாளில் குறிகள் படத்துக்கு வெளியே இருந்தன. ரயிலுக்கு வெளியே காற்றுதான் இருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் அளந்து உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் அதைச் சொல்லி அனுப்பத் தோன்றவில்லை. அச்சுக்காரன் கண்ணுக்கு அந்த ஓரம் தெரியவே தெரியாது. படம் எங்கே முடிகிறதோ அங்கே எங்கள் பார்வையும் முடிந்துவிடும்.

கட்டிங் மெஷின்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோருக்கும் பற்றிக்கொண்டது. ஜெயராணி மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆனால் ரோட்டைக் கடந்து போய் டீ சொல்லாமலே நின்றுவிட்டு வந்தார்.

மெயிலின் அடியில் இரண்டு வரி இருந்தது. பெட்டிகள் எல்லாம் தயாராகிவிட்டன. மூன்று லைன் சங்கத்துக்காரர்களும் இன்று பார்க்க வருகிறார்கள். பிரார்த்தனை செய்யுங்கள்.

அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

போன் வந்தபோது முதலாளி அறைக்கு ஓடினோம். எனக்கு ஒரு காதுதான் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்கள். ஜோசப் மெதுவான குரலில் பேசினார். பின்னால் ஏகப்பட்ட சத்தம். சங்கத்துக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நிற்கிறார்களாம். நீலத்தையும் பாலாடையையும் பற்றி ஒருவரும் பேசவில்லையாம். அந்தக் கட்டங்களுக்கும் வட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று கேட்கிறார்களாம். உடனே சொல்ல வேண்டுமாம்.

முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏழு கட்டம்னா ஏழு மாகாணம்னு சொல்லும்மா" என்றார்.

"அவுக நாட்டுல எத்தனை மாகாணம்னு நமக்குத் தெரியுமா?" என்றாள் ஜெயராணி.

"ஏழு நாள்னு சொல்லு. ஏழு நாளும் ரயில் ஓடும்."

"ஒண்ணு கறுப்பா இருக்கே, அது என்னைக்கு?"

"அது சனிக்கிழமை" என்று முதலாளி அவசரத்தில் சொன்னார்.

அண்ணாச்சி அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். "தாயி" என்றார். "உள்ளதைச் சொல்லு."

"அண்ணாச்சி, தப்பா அடிச்சுட்டாகனு சொன்னா அந்த மனுசன் வேலை..."

"தப்புனு ஏன் சொல்ற? அது எதுக்குப் போடுறோம்? அதைச் சொல்லு."

ஜெயராணி மூச்சை இழுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். இது அச்சுக்காரர்கள் போடுகிற குறி, வெட்டி எறிவதற்காகப் போட்டது, ரயிலில் வந்திருக்க வேண்டியதில்லை என்றாள். அவள் நிறுத்தவில்லை. வட்டத்துக்குள் இருக்கிற கூட்டல் குறி எதற்கென்றால், ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக வருகிறது. எல்லாம் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க. ஒன்று விலகினாலும் படம் கலங்கிவிடும். கட்டங்கள் எதற்கென்றால், எந்த நிறமும் கூடாமல் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க. மஞ்சள் தனியாக இருக்கிறது. அந்த மஞ்சளோடு ரோஸ் சேர்ந்தால் சிவப்பு. அதே மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சை.

ஜோசப் "இருங்கள்" என்றார். போனை வைக்காமல் அவர்கள் மொழியில் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் சத்தம் அடங்கியது. பிறகு ஒரு குரல் கேட்டது, இன்னொரு குரல். பிறகு ஒரே கூச்சல்.

"என்னாச்சு?" என்றார் முதலாளி.

ஜோசப் திரும்பி வந்தார். மூன்று பேரும் தங்கள் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஒரு பச்சை லைன் கிழவர் பச்சைக் கட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு எடுக்க மாட்டேன் என்கிறாராம். இப்போது சண்டை வேறு. இடதுபக்கத்திலிருந்து படித்தால் அந்த மூன்றில் மஞ்சள்தான் முதலில் வருகிறது. மஞ்சளுக்கு மட்டும் ஏன் முதல் இடம்?

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெயராணி என்னைப் பார்த்தாள். எனக்குச் சட்டென்று வந்தது. ஊர் ஊராக ரயிலில் போய், இறக்கிவிடப்பட்டு, திரும்பி வந்தவனுக்கு அது வந்ததில் ஆச்சரியமில்லை.

"நிக்கிற பெட்டியைப் பாத்துட்டு அடிச்சுக்கிறாக" என்றேன். "ரயில் ஓடும்ல. இந்தப் பக்கத்துல நின்னு பாத்தா, போகையில மஞ்ச முன்னால போகும். அதே வண்டி திரும்பி வரையில பச்ச முன்னால வரும். யாரும் எப்பவும் முன்னால இல்ல."

"சிவப்பு?" என்றார் முதலாளி.

"சிவப்பு போகையிலயும் நடு, வரையிலயும் நடு. ரெண்டு பக்கமும் துணையோட போறான். அவனுக்கென்ன கொறை?"

ஜெயராணி சொன்னாள். ஜோசப் அங்கே சொன்னார். எங்களுக்குக் கேட்டது முதலில் ஒரு இரும்புச் சத்தம். யாரோ பெட்டியைக் கையால் தட்டுகிறார்கள். இன்னும் பல கைகள் சேர்ந்துகொண்டன. தாளம் பிடித்துத் தட்டினார்கள். ஜோசப் போனில் ஏதோ கத்தினார், ஜெயராணிக்கே புரியவில்லை. லைன் அறுந்துவிட்டது.

நாங்கள் அதற்குப் பிறகும் போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். கீழே மெஷின் ஆள்களெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படியில் காத்திருந்தார்கள். நடந்தது நல்லதா கெட்டதா என்று உறுதியாகத் தெரியவில்லை. தட்டினது சந்தோஷத்திலா, பெட்டியை உடைக்கவா என்று முதலாளி மூன்று தடவை கேட்டார். சீசன் வேலையில் அன்று மாலை ஒரு தாள்கூட நகரவில்லை.

மறுநாள் காலையில் இன்னொரு போட்டோ வந்தது. இந்தத் தடவை பிரஸ் முழுதும் வந்துவிட்டது. நாற்காலிக்குப் பின்னால் இடமில்லாமல் சிலர் மேஜைமேல் ஏறி நின்றார்கள். அண்ணாச்சி முன்வரிசையில், கையில் லென்ஸோடு. படம் கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. வானம். கூரை. கூரைமேல் கால்களைத் தொங்கப் போட்டு ஒரு வரிசை ஆள்கள். பிறகு ஒரு தலை, எல்லோருக்கும் மேலே, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. ஜோசப். அவரை யாரோ தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு உயரமான மனிதரைத் தூக்க எத்தனை பேர் வேண்டியிருந்ததோ. அவர் கால் இறங்க இறங்கத் தோள்கள் வந்தன. சிவப்புச் சட்டை, பச்சைச் சட்டை, மஞ்சள் சட்டை. வரிசையாக இல்லை. தாறுமாறாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். நீலமும் தெரியவில்லை, வட்டமும் தெரியவில்லை. கீழே இருந்த கட்டங்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ விசில் அடித்தார்கள். அண்ணாச்சி கம்ப்யூட்டர் திரையில் லென்ஸை வைத்து, மேலும் கீழுமாக நகர்த்தித் தேடிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆளுகளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு தாயி" என்றார். "கூட்டல் குறி சரியா உக்காந்திருக்கானு பாக்கணும்."